மலைக்கு அப்பால் மின்னுவதைக் கேட்கும் பெட்டி

செங்கோட்டைக்கும் புளியரைக்கும் இடையில் வீடு இருப்பவர்களுக்கு மேற்கில் அடிவானம் கிடையாது. அது இருக்க வேண்டிய இடத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது. கிழக்கே கடையநல்லூர், ஆலங்குளம் பக்கம் எழும் இடிமேகத்தை, அதன் அடி கருக்கத் தொடங்குவதிலிருந்து தலை விரிந்து தட்டையாவது வரை முழுதாகப் பார்க்க முடிகிறது. மேற்கே ஆரியங்காவு, தென்மலை, புனலூர்ப் பக்கம் எழும் மேகத்தின் கீழ்ப்பாதியை மலை மறைக்கிறது. மேல்பாதியைப் பிற்பகலில் முகட்டின்மேல் படியும் மூடாப்பு மறைக்கிறது. முதல் குளிர்காற்று முற்றத்துத் தென்னையை உலுக்கும்போதுதான் அப்படி ஒன்று வந்துகொண்டிருந்தது என்பதே தெரிகிறது. வானத்தின் பெருங்காட்சிகளைச் சிறு வயது முதல் தேடிப் பார்த்துவரும் எனக்கு இது தீராத குறையாக இருந்தது. அதைத் தீர்ப்பதற்காக, மலைக்கு அப்பால் வெட்டும் மின்னலை வானொலி அலையாகக் கேட்டுத் தொலைவைச் சொல்லும் பெட்டி ஒன்றை வீட்டின் தட்டட்டியில் (மொட்டைமாடியில்) அமைத்தேன். அதை அமைத்த விதமும், அதன் துணையோடு மின்னலைப் படம்பிடிக்கும் விதமும் இந்தப் பதிவில் உள்ளன.

எந்தப் பருவத்துக்காக இந்தப் பெட்டி என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊர் சாரலுக்குப் பெயர் பெற்றது. ஆனால் ஆனி, ஆடி மாதச் சாரலில் இடி அரிது. தென்மேற்குப் பருவக்காற்றின் மேகங்கள் பெரும்பாலும் உயரம் குறைந்தவை. மேகத்தில் மின்னூட்டம் பிரிவதற்கு அது உறைநிலை மட்டத்தை நன்றாகத் தாண்டி உயர வேண்டும். நம் பகுதியில் அந்த மட்டம் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதற்கு மேலே, உறைநிலைக்குக் கீழே 10 முதல் 20 பாகை வரை குளிர்ந்த பகுதியில், சிறு ஆலங்கட்டித் துகள்களும் பனிப்படிகங்களும் மோதி உரசும்போதுதான் எதிர்மின்னூட்டம் கனத்த துகள்களோடு நடுப்பகுதியில் தங்க, நேர்மின்னூட்டம் இலேசான படிகங்களோடு உச்சிக்குப் போகிறது. அந்த உயரத்துக்கு மேகம் எழுவது இங்கே இரண்டு காலங்களில்தான் வழக்கம். பங்குனி முதல் வைகாசி வரை, அரபிக்கடலின் ஈரக்காற்று பிற்பகலில் கேரளத்துச் சரிவில் ஏறிக் குவிந்து, 15 கிலோமீட்டர் உயரத்தையும் தாண்டும் மேகங்களை எழுப்புகிறது. மேலடுக்குக் காற்று மேற்கிலிருந்து வீசினால் அவை முகட்டைக் கடந்து எங்கள்மேல் வருகின்றன. ஐப்பசியில் நேர்மாறாகக் கீழைக்காற்று எங்கள் பக்கத்துச் சரிவில் ஏறி, நண்பகலுக்குப் பின் மேகத்தைக் கட்டுகிறது. பெட்டி முதன்மையாக முதல் வகைக்கானது, ஏனெனில் கண்ணுக்குத் தெரியாமல் வருவது அதுதான்.

மின்னலின் திசையைப் பார்த்து மழையையும் வெள்ளத்தையும் முன்கூட்டிச் சொல்வது பொருநைக்கரை (தாமிரபரணிக்கரை) உழவர்களுக்குப் பழைய பழக்கம். மலையாளத்துப் பக்கம் மின்னுகிறதா, ஈழத்துப் பக்கம் மின்னுகிறதா என்பது அவர்களுக்குப் பெரிய செய்தி. என் ஆச்சியும் அப்படித்தான், இரவில் மேற்கு முகடு வெளிறி மறைவதைக் கண்டால், "மலையாளத்துப் பக்கம் மின்னுதுல, காயுற நெல்லை அள்ளுங்க" என்று எங்களை எழுப்பிவிடுவார். அந்த வெளிச்சம் ஓசையற்றது. இடியோசை வழக்கமாக 15 கிலோமீட்டர் அளவுக்குத்தான் கேட்கும். ஆனால் இரவில் மேகத்தில் பட்டுச் சிதறும் மின்னல் ஒளி 100 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தும் தெரியும். ஆகவே ஆச்சி கண்டது புனலூரில் பெய்த மழையாகவும் இருக்கலாம், கொல்லத்துக்கு அப்பால் கடல்மேல் நின்ற மேகமாகவும் இருக்கலாம். பகலில் அந்த வெளிறலும் இல்லை. எனக்கு வேண்டியிருந்தது பகலிலும் இரவிலும் வேலை செய்யும், தொலைவையும் ஓரளவு திசையையும் சொல்லும் ஏற்பாடு.

அதன் முதல் படிக்கு ஒரு பழைய டிரான்சிஸ்டர் வானொலியே போதும். மின்னலின் ஒவ்வொரு வெட்டும் பரந்த அதிர்வெண்களில் வானொலி அலையை உமிழ்கிறது. ரஷ்யாவின் அலெக்சாண்டர் பப்போவ் 1895இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் செய்துகாட்டிய அலைவாங்கிக் கருவி, தொலைவில் நடக்கும் மின்னலை உணர்ந்து மணியடிப்பதற்குத்தான் பயன்பட்டது என்பதை நினைத்தால், வானொலியின் வரலாறே இடிமேகத்திலிருந்து தொடங்குகிறது எனலாம். மத்திய அலை வரிசையின் கீழ்க்கோடியில், 531 கிலோஹெர்ட்ஸுக்கு அருகில், நிலையம் எதுவும் கேட்காத இடத்தில் முள்ளை நிறுத்தி ஒலியைக் கூட்டி வைத்தால், மின்னல் வெட்டும்போதெல்லாம் "கறக்" என்று ஓர் உடைபடும் ஓசை கேட்கும். பண்பலை வரிசையில் இது கேட்காது. அங்கே வாங்கியின் அமைப்பே அலையின் உயரத்தில் ஏற்படும் மாற்றங்களை ஒதுக்கிவிடுகிறது.

திசை அறியவும் அதே வானொலி உதவுகிறது. அதன் உள்ளே இருக்கும் கறுப்பு நிறப் பெரைட் தண்டுதான் மத்திய அலைக்கு ஆன்டெனா. தண்டின் நீளவாட்டு முனை மின்னல் வரும் திசையை நோக்கும்போது ஓசை மிகக் குறைந்தும், தண்டு அந்தத் திசைக்குக் குறுக்காக இருக்கும்போது மிகுந்தும் கேட்கும். ஓசை மங்கும் நிலையைத்தான் அளவுக்குக் கொள்ள வேண்டும், ஏனெனில் உச்சம் எங்கே என்பது காதுக்குத் தெளிவாகப் பிடிபடாது. மங்கும் இடம் குறுகலானது. நான் ஒரு பழைய மரப்பலகையில் பாகைமானியின் அச்சை ஒட்டி, நடுவில் வானொலியைச் சுழலும்படி வைத்து, வடக்கைத் துருவ விண்மீனைக் கொண்டு குறித்துக்கொண்டேன். எங்கள் அட்சரேகையில் துருவ விண்மீன் அடிவானத்திலிருந்து 9 பாகை உயரத்தில்தான் நிற்கும். வடக்கே மரமில்லாத வயல்வெளி இருப்பதால் அது சாத்தியமாயிற்று. தண்டு காட்டுவது ஒரு கோடு மட்டுமே, அதன் எந்த முனையில் மேகம் இருக்கிறது என்பதை அது சொல்லாது. கிழக்கு வானம் எனக்குத் திறந்து கிடப்பதால் அங்கே மேகம் இல்லையென்று கண்ணால் உறுதி செய்துகொண்டு, மறுமுனையை மலைக்கு அப்பால் என்று கொள்கிறேன். இந்த ஒரு வகையில் மலை உதவியாகவே அமைந்துவிட்டது.

தொலைவுக்கு ஏஎஸ் 3935 என்னும் மின்னல் உணர் சில்லை (சிப்) பயன்படுத்தினேன். சிறு பலகையில் ஆன்டெனாச் சுருளோடு பொருத்தி விற்கப்படும் இது, 500 கிலோஹெர்ட்ஸை நடுவாகக் கொண்ட குறுகிய வரிசையில் வரும் துடிப்புகளின் வடிவத்தை ஆராய்ந்து, அது மின்னலா, மனிதர் உண்டாக்கிய இடையூறா என்று பிரிக்கிறது. மின்னல் என்றால் புயல்மேகத்தின் நமக்கு அருகிலுள்ள விளிம்பு எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று 40 கிலோமீட்டர் முதல் தலைக்கு மேல் வரை படிப்படியாகச் சொல்கிறது. 40, 37, 34, 31, 27 என்று இறங்கிவரும் அந்தப் படிகள் ஒவ்வொரு மின்னலுக்குமான நேரடி அளவீடு அல்ல. அண்மையில் வந்த துடிப்புகள் பலவற்றின் ஆற்றலைச் சேர்த்துப் புள்ளியியல் முறையில் செய்த மதிப்பீடு. ஆகவே ஒற்றை மின்னலின் எண்ணை நம்பாமல், எண்கள் இறங்கும் போக்கை மட்டும் நம்ப வேண்டும். எங்கள் ஊரிலிருந்து புனலூர் நேர்கோட்டில் ஏறத்தாழ 35 கிலோமீட்டர். மலைக்கு அந்தப் பக்கத்துச் சரிவு முழுவதும் இந்தச் சில்லின் எல்லைக்குள் அடங்கிவிடுகிறது என்பதைக் கண்ட அன்றே இதை வாங்க முடிவு செய்தேன்.

வாங்கியவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை ஆன்டெனாவைச் சுருதி சேர்ப்பது. பலர் இதைச் செய்யாமல் விட்டுவிட்டுச் சில் வேலை செய்யவில்லை என்கிறார்கள். ஆன்டெனாவின் ஒத்ததிர்வு 500 கிலோஹெர்ட்ஸிலிருந்து இரு பக்கமும் 3.5 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். இல்லையேல் தொலைவு மதிப்பீடு பொருளற்றுப் போகும். சில்லிலேயே இதற்கு வசதி உண்டு. ஆன்டெனாவின் அதிர்வெண்ணை 16ஆல் வகுத்துக் குறுக்கீட்டு முனையில் (புதிய செய்தி இருப்பதைச் சில் அறிவிக்கும் முனை) வெளியே தரும்படி அதைப் பணிக்கலாம். அப்போது அங்கே 31,250 ஹெர்ட்ஸ் கிடைக்க வேண்டும். இருபுறமும் 1,090 ஹெர்ட்ஸ் அளவுக்கு விலகல் இருந்தால் பாதகமில்லை. அதிர்வெண் அளக்கும் வசதியுள்ள சாதாரண மல்டிமீட்டர் இதற்குப் போதும். எனக்குக் கிடைத்த பலகை 33,000க்கு மேலே காட்டியது. சில்லின் உள்ளே 8 பிகோபாரட் வீதம் 120 வரை கூட்டக்கூடிய மின்தேக்கிகள் இருக்கின்றன. அவற்றை ஒவ்வொரு படியாகச் சேர்க்கச் சேர்க்க அதிர்வெண் இறங்கி, 31,250க்கு மிக அருகில் வந்து நின்றது. அந்தப் படியின் எண்ணை நிரலில் எழுதிவிட்டால், மின்சாரம் வரும்போதெல்லாம் அதுவே அமைந்துகொள்ளும். உலோகப் பெட்டிக்கு அருகில் வைத்தால் இந்தச் சுருதி கலையும், எனவே பெட்டிக்குள் பொருத்திய பிறகு மறுபடியும் ஒருமுறை அளந்து பார்ப்பது நல்லது.

சில்லைப் படிப்பதற்கும், எண்களைக் கம்பியில்லா முறையில் வீட்டுக்குள் அனுப்புவதற்கும் ஈஎஸ்பி 32 என்னும் சிறு கணிப்பொறிப் பலகையை இணைத்தேன். நிரலைப் பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை. குறுக்கீட்டு முனை உயர்ந்தவுடன் படிக்காமல் 2 மில்லிவினாடி பொறுத்துப் படிக்க வேண்டும், அவ்வளவுதான் கவனிக்க வேண்டியது. இரைச்சல் அதிகம், இடையூறு, மின்னல் என்ற மூன்று வகைச் செய்திகளில் ஒன்று கிடைக்கும். மூன்றையும் நேரத்தோடு பதிவு செய்யும்படி எழுதினேன்; மின்னலை மட்டும் பதிவு செய்திருந்தால் அடுத்துச் சொல்லப்போகும் தொல்லையின் காரணத்தை ஒருபோதும் கண்டுபிடித்திருக்க முடியாது.

பெரும்பாலான உழைப்பை விழுங்கியது அந்தத் தொல்லைதான். வீட்டுக்குள் மேசைமேல் வைத்துப் பார்த்தபோது சில் ஓயாமல் இரைச்சல் என்றே சொல்லிக்கொண்டிருந்தது. கைப்பேசி மின்னேற்றி, எல்இடி விளக்கு, தூண்டல் அடுப்பு என்று இன்று வீட்டில் இருக்கும் ஏறக்குறைய எல்லாமே வேகமாக மின்சாரத்தைத் துண்டித்து இணைக்கும் முறையில் இயங்குபவை. அந்தத் துண்டிப்பின் எச்சம் 500 கிலோஹெர்ட்ஸ் வரிசை முழுக்கப் பரவிக் கிடக்கிறது. ஆகவே பெட்டிக்கு வீட்டு மின்சாரத்தின் தொடர்பே கூடாது என்று முடிவெடுத்து, 12 வோல்ட் ஈய மின்கலம் ஒன்றையும் அதை ஏற்றச் சூரியத் தகடு ஒன்றையும் வைத்தேன். 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக இறக்கும் இடத்திலும் துண்டிப்பு வகை மாற்றியைத் தவிர்த்து, பழைய 7805 சீராக்கியையே போட்டேன். அது மின்சாரத்தைச் சூடாக வீணாக்கும் என்பது உண்மை. ஆனால் அமைதியாக வீணாக்கும். இந்த வேலைக்கு அமைதிதான் விலைமதிப்புள்ளது.

தட்டட்டிக்குக் கொண்டுபோன பிறகு இரைச்சல் அடங்கியது, ஆனால் மாலை ஆனதும் இடையூறுச் செய்திகள் வரிசையாக விழத் தொடங்கின. பதிவை எடுத்து நேர இடைவெளியைப் பார்த்தபோது, அவை ஒரு வினாடிக்குச் சற்றே கூடுதலான சீரான இடைவெளியில் இருந்தன. மின்னல் ஒருபோதும் அப்படித் தாளம் தவறாமல் வெட்டாது. மலையடிவாரத் தோப்புகளில் யானையும் காட்டுப்பன்றியும் இறங்காமல் தடுக்கப் போட்டிருக்கும் சூரிய மின்வேலியின் துடிப்பு அது. மாலையில் வேலியை இயக்குகிறார்கள், காலையில் நிறுத்துகிறார்கள். கம்பியில் செடியோ கொடியோ உரசும் இடத்தில் பொறி எழும்போது துடிப்பு வலுக்கிறது. தோப்பு அண்ணாச்சியிடம் சொன்னபோது, "வேலியில கொடி ஏறிக் கிடக்கு, அதை வெட்டணும்னு நானும் நினைச்சுக்கிட்டுதான் இருந்தேன்" என்று மறுநாளே ஆள் விட்டு வெட்டினார். எஞ்சிய துடிப்பை விலக்க, சில்லின் இடையூறு ஒதுக்கும் அளவைச் சற்று ஏற்றியதோடு, சீரான இடைவெளியில் வரும் செய்திகளைக் கணக்கில் கொள்ளாதபடி நிரலில் ஒரு விதியையும் சேர்த்தேன். வெளிப்புற இயக்கத்துக்கு உரிய பெருக்க அளவையே வைத்தேன். உட்புறத்துக்கான அளவை வைத்தால் எண்ணிக்கை கூடும், ஆனால் நம்பகம் குறையும்.

பெட்டி என்பது 4 அங்குல பிவிசி குழாயின் ஒரு துண்டும் இரு முனைகளுக்கும் மூடிகளும்தான். கம்பி நுழையும் துளையை அடிப்பக்கத்தில் வைத்து, ரப்பர் வளையமும் சிலிக்கான் பசையும் கொண்டு அடைத்தேன். எங்கள் ஊர்ச் சாரலில் நீர் மேலிருந்து மட்டும் வருவதில்லை, பக்கவாட்டிலும் கீழிருந்தும் வரும்; அதனால் முழுதாக அடைப்பதைவிட அடியில் ஒரு சிறு வடிதுளை விட்டு, எறும்பும் பல்லியும் நுழையாதபடி மெல்லிய கம்பிவலையால் மூடுவதே நீடிக்கிறது. பெட்டியைத் தட்டட்டியின் கைப்பிடிச் சுவருக்குள், சுவரைவிடத் தாழ்வாக வைத்திருக்கிறேன். உயரமான கம்பத்தில் வைத்தால் இன்னும் நன்றாகக் கேட்கும் என்று நினைக்கத் தோன்றும். இந்த அதிர்வெண்ணில் அலை மலையையே வளைந்து கடந்து வருகிறது, அதற்குக் கம்பம் தேவையில்லை. கம்பம் நட்டால் மின்னலை வீட்டுக்கு வரவேற்றதாகும். தட்டட்டியிலிருந்து வீட்டுக்குள் ஒரு கம்பிகூட இறங்கக் கூடாது என்பதில் நான் விட்டுக்கொடுக்கவே இல்லை. மின்னல் வெட்டின் உச்ச மின்னோட்டம் வழக்கமாக 30,000 ஆம்பியர் அளவில் இருக்கிறது. அருகில் எங்காவது விழுந்தாலே நீண்ட கம்பிகளில் பெரும் மின்னழுத்தம் தூண்டப்படும்.

காற்றழுத்தம் அளக்கும் சிறு உணரி ஒன்றையும் அதே பெட்டியில் வைத்தேன், அதற்குத் தனியாக ஒரு காரணம் உண்டு. வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் நாள்தோறும் இருமுறை ஏறி இறங்கும். காலை 10 மணிக்கும் இரவு 10 மணிக்கும் அருகில் உச்சம், மாலை 4 மணிக்கும் விடியலுக்கு முன் 4 மணிக்கும் அருகில் தாழ்வு. இந்த ஒழுங்கு அவ்வளவு உறுதியானது என்பதால், அதிலிருந்து விலகும் எதுவும் உடனே கண்ணில் படுகிறது. இடிமேகத்தின் குளிர்ந்த கீழிறங்கு காற்று கனமானது; அது தரையில் பரவி முன்னோடி வரும்போது அழுத்தம் திடீரென்று ஒன்றிரண்டு ஹெக்டோபாஸ்கல் ஏறி, வெப்பம் சில நிமிடங்களில் பல பாகை இறங்குகிறது. மாலை 4 மணிக்கு இறங்க வேண்டிய கோடு நிமிர்ந்து எழுந்தால், காற்று மலையைத் தாண்டிவிட்டது என்று பொருள். திருவனந்தபுரம் நோக்ககத்தின் பொறுப்பிலிருந்த ஜான் ஆலன் பிரவுன் 1855இல் அகத்தியமலை உச்சியில் காந்தத்தையும் வானிலையையும் அளக்க ஒரு நோக்ககம் அமைத்தார். எங்கள் செங்கோட்டை அப்போது திருவிதாங்கூரின் பகுதி. 1956இல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. யானைக்காட்டின் வழியே கருவிகளைச் சுமந்து ஏறி அந்த முகட்டில் அழுத்தமானியை மணிதோறும் படித்தவர்களின் உழைப்பை நினைக்கும்போது, சுண்டுவிரல் நகமளவு உணரி அதே வேலையை என் தட்டட்டியில் செய்வது எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

பெட்டி சொல்வது உண்மைதானா என்று சோதிக்க மலைக்கு அப்பால் ஒரு சாட்சி வேண்டும். ஆரியங்காவில் தேநீர்க்கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் அந்தப் பொறுப்பை விருப்பத்தோடு ஏற்றுக்கொண்டார். அவரும் தமிழ் பேசுபவர். கடைக்கு வரும் ரப்பர் வெட்டும் தொழிலாளர்களிடமிருந்து தென்மலை, அச்சன்கோவில் பக்கத்துச் செய்தியும் அவருக்குக் கிடைத்துவிடும். பெட்டி 14 அல்லது 12 என்று காட்டும் வேளையில், "அண்ணாச்சி, இங்க இடி தொடங்கியாச்சு, கரண்டும் போயாச்சு" என்று அவர் அழைப்பதும் பலமுறை ஒத்து வந்தது. மின்னலுக்கும் இடிக்கும் இடையே எத்தனை வினாடி என்று அவர் எண்ணிச் சொன்னால், மூன்றால் வகுத்து அவருக்கு எத்தனை கிலோமீட்டர் தொலைவில் வெட்டியது என்று கணக்கிட்டு, என் வரைபடத்தில் குறித்துப் பார்த்தேன். மேகம் ஒரே இடத்தில் நின்று பெய்யும்போது பெட்டியின் கணிப்பு நன்றாக ஒத்துப்போகிறது. இரண்டு மேகங்கள் ஒரே நேரத்தில் வெவ்வேறு தொலைவில் இருக்கும்போது குழம்புகிறது. அந்தக் குழப்பத்தைத் தீர்க்க வானொலித் தண்டு இருக்கவே இருக்கிறது.

இனிப் படம்பிடிக்கும் பகுதி. இரவில் மின்னலைப் படமெடுப்பது பலர் நினைப்பதைவிட எளிது, ஏனெனில் மின்னல் தானே ஒளியிட்டுத் தன்னை வரைந்துகொள்கிறது. கேமராவை முக்காலியில் உறுதியாக நிறுத்தி, தொலைவிலுள்ள ஒரு விளக்கின்மேல் கையால் குவியம் வைத்து, ஒளியுணர்வை (ISO) 200க்கும் லென்ஸின் துளையை (f எண்) 8க்கும் அருகில் வைத்து, 15 வினாடிப் படங்களைத் தொடர்ந்து எடுத்துக்கொண்டே இருந்தால் போதும். நீண்ட படங்களுக்குப் பின் கேமரா தானாகச் செய்யும் புள்ளிநீக்க வேலையை அணைத்துவிட வேண்டும். அது ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் அதே அளவு நேரத்தைக் கண்மூடிக் கழிக்கிறது. எடுத்த படங்களைக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொரு புள்ளியிலும் மிகப் பிரகாசமானதை மட்டும் வைத்துக்கொண்டால், ஒரு மாலையின் மின்னல்கள் எல்லாம் ஒரே வானத்தில் நிற்கும். அப்படி அடுக்கியதை நேர்மையாக அடுக்கிய படம் என்று சொல்லித்தான் பிறருக்குக் காட்ட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பகலில் 15 வினாடி திறந்தால் படம் வெளிறிப்போகும். அங்கே ஒளியுணர் டையோடு ஒன்று, ஒரு பெருக்கி, நடுவே ஒரு மின்தேக்கி என்று சிறிய தூண்டுகருவி செய்தேன். மின்தேக்கி பகலின் நிலையான வெளிச்சத்தைத் தடுத்து, திடீர் மாற்றத்தை மட்டும் விடுகிறது. அந்த மாற்றம் கேமராவின் திறப்பை இயக்குகிறது. கேமரா திறப்பதற்குள் 50 முதல் 100 மில்லிவினாடி கழிந்துவிடும், முதல் வெட்டு அதற்குள் முடிந்திருக்கும். ஆனாலும் படம் கிடைக்கிறது, ஏனெனில் ஒரே மின்னலில் வழக்கமாக மூன்று நான்கு வெட்டுகள் ஒரே வழியில் அடுத்தடுத்து 40, 50 மில்லிவினாடி இடைவெளியில் இறங்குகின்றன. கொடிமின்னல் நடுங்குவதாக நம் கண்ணுக்குத் தெரிவது இந்தத் தொடர் வெட்டுகள்தான். ஒற்றை வெட்டோடு முடிந்துவிடும் மின்னலை இந்த முறையில் பிடிக்க முடியாது.

சித்திரை மாதத்து ஒரு பிற்பகலில் எல்லாக் கருவிகளும் ஒன்றாக வேலை செய்ததைச் சொல்ல வேண்டும். வெயில் கடுமையாக அடித்துக்கொண்டிருந்தது, முகட்டில் வெண்மேகம் மட்டும். மூன்று மணிக்குப் பிறகு பெட்டி 37 என்றது, சிறிது நேரத்தில் 31. வானொலித் தண்டு மேற்குக்குச் சற்று வடக்கே மங்கியது. நாலு மணிக்குள் எண் 20ஐ எட்டியிருந்தது, வானத்தில் இன்னும் எந்த மாற்றமும் இல்லை. நான் கேமராவைத் தட்டட்டி அறையின் சன்னலில் மலையை நோக்கி நிறுத்தி, தூண்டுகருவியை இணைத்து முடித்த வேளையில் எண் 12 ஆயிற்று, அழுத்தக்கோடு நிமிர்ந்தது, பகவதிபுரத்துக்கு மேலேயுள்ள சரிவுகளின்மீது கருநீல மேகம் ஒன்று பாய் விரித்தாற்போல் வழிந்து இறங்கத் தொடங்கியது. அதன் முன்விளிம்பு தாழ்ந்து, நீண்டு, வடக்குத் தெற்காக மலையின் முழு அகலத்துக்கும் ஒரே வளைவாக இருந்தது. அதன் அடியில் மேகக் கிழிசல்கள் மேல்நோக்கிச் சுருண்டு எழுந்துகொண்டிருந்தன. குளிர்காற்று முன்னே பரவி, வெப்பமான ஈரக்காற்றை அடியிலிருந்து நெம்பித் தூக்கும்போது உருவாகும், அலமாரித் தட்டுப் போன்ற மேகம் அது. இத்தனை ஆண்டுகளாக இந்த மலையடியில் வாழ்ந்தும் அது உருவாகும் கணத்திலிருந்து அதைப் பார்த்தது அன்றுதான். மின்னலுக்கும் இடிக்கும் இடைவெளி 30 வினாடிக்குக் குறைந்தவுடன் சன்னலைச் சாத்திக் கேமராவைத் தானாக இயங்க விட்டு நான் கீழே இறங்கிவிட்டேன். கடைசி இடிக்குப் பின் அரை மணி நேரம் கழியும்வரை யாரும் தட்டட்டிக்கு ஏறுவதில்லை என்பது எங்கள் வீட்டில் இப்போது சட்டம்.

பெட்டி ஒழுங்காக ஓடத் தொடங்கிய பிறகு, இதே இடத்துக்கு ஏற்ற வேறொரு காட்சியை நோக்கி வேலையைத் திருப்பியிருக்கிறேன். பெரும் இடிமேகங்களுக்கு மேலே, 50 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில், சில மில்லிவினாடி மட்டுமே தோன்றி மறையும் சிவந்த ஒளிவிழுதுகள் உண்டு. ஸ்பிரைட் என்று அவற்றுக்குப் பெயர். மேகத்துக்கு மேலேயும் மின்னிறக்கம் நிகழலாம் என்று இயற்பியலாளர் சி. டி. ஆர். வில்சன் 1920களிலேயே கணித்திருந்தார். ஆனால் முதல் படம் 1989 ஜூலை 6 அன்றுதான், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தார் ஒரு கேமராவைச் சோதித்துக்கொண்டிருந்தபோது கிடைத்தது. இதைக் காண மேகத்திலிருந்து 200, 300 கிலோமீட்டர் தள்ளி, தெளிந்த வானத்தின் கீழே நிற்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்களுக்கு மேற்கே 250 கிலோமீட்டர் என்பது அரபிக்கடல். அங்கே 16 கிலோமீட்டர் உயரமுள்ள மேகத்தின் தலை, பூமியின் வளைவைக் கழித்தால், அடிவான மட்டத்திலிருந்து 2.5 பாகைதான் எழும். என் தட்டட்டியிலிருந்து முகட்டின் உயரத்தை அளந்தபோது ஏறத்தாழ 8 பாகை வந்தது. ஆகவே மேகமும் அதன் கண்கூசும் மின்னலும் முழுதாக மறைந்துவிடும். அதே மேகத்துக்கு மேலே தோன்றும் ஸ்பிரைட்டோ 10 பாகையிலிருந்து 19 பாகை வரை விரியும், அதாவது முகட்டுக்கு மேலே, முழுமையாக. மங்கலான ஒன்றைப் படமெடுப்பவர்கள் பிரகாசமான மின்னலை மறைக்கப் படாதபாடு படுகிறார்கள். எங்களுக்கு அந்த மறைப்பை மலையே செய்து தந்திருக்கிறது. வேண்டியதெல்லாம் முகட்டில் மூடாப்பு இல்லாத, நிலவில்லாத ஓர் இரவும், கடல்மேல் எழுந்த ஒரு பெரிய மேகமும்.

ஆனால் 40 கிலோமீட்டர் எல்லையுள்ள சில் 250 கிலோமீட்டர் தொலைவுக்கு உதவாது. அதற்காக ஒரு மீட்டர் பக்கமுள்ள மரச்சட்டத்தில் எனாமல் பூசிய செம்புக்கம்பியை 50 சுற்றுச் சுற்றி, கணினியின் ஒலிவாங்கி வழியில் இணைத்திருக்கிறேன். மின்னலின் அலை மிக வலுவாக இருப்பது 5 முதல் 10 கிலோஹெர்ட்ஸ் வரையில். அந்த அலைகள் தரைக்கும், உயரத்தில் மின்னூட்டம் பெற்ற காற்றடுக்கான அயனிமண்டலத்துக்கும் இடையே பட்டுப் பட்டு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் செல்லும். இரவில் அவற்றில் சிலவற்றின் வால்பகுதி, 1.7 கிலோஹெர்ட்ஸ் அளவுக்கு வழுக்கி இறங்கும் "டியூங்" என்ற ஓசையோடு முடிகிறது. 88 கிலோமீட்டர் அளவு உயரத்தில் இருக்கும் இரவு அயனிமண்டலத்தின் அடிமட்டம்தான் அந்த அதிர்வெண்ணைத் தீர்மானிக்கிறது. வீட்டு மின்கம்பியின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் இன்னும் பாதிச் செய்தியை விழுங்குகிறது. சட்டத்தைக் கிழக்கு மேற்காகத் திருப்பி, வீட்டிலிருந்து வயல்வரப்புவரை தள்ளி வைத்தபோது அது வெகுவாகக் குறைந்தது. கேமராவின் முக்காலியை 14 பாகைச் சாய்வில் நிறுத்தும் மரமுட்டு தயாராகிவிட்டது. ஒளியுணர்வு 3,200, துளை 1.8, படத்துக்கு 2 வினாடி என்ற அளவுகளில் விண்மீன்களை வைத்துச் சோதித்ததில் படம் கறைபடாமல் வருகிறது. அடுத்த வேலை, சட்டத்துக்கும் ஒலிவாங்கிக்கும் இடையே 1 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளவற்றை வெட்டும் வடிகட்டி ஒன்றைச் செய்வது. அதற்கான மின்தேக்கிகளைத் தென்காசியிலிருந்து வாங்கி வைத்திருக்கிறேன்.